கடைசியாக வருகிறவள்

என் மகளை அவளுடைய சிநேகிதர்கள் ‘ஜாடு’ என்று கூப்பிடுவார்கள். இந்தியில் அதற்குத் துடைப்பம் என்று அர்த்தம். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அப்போது நாங்கள் தாராவியில் ஒரு மாடி அறையில் இருந்தோம். கீழே சந்தில் நின்றுகொண்டு, ஆபீஸ் போகிற பெண்ணை நாலு பேர் துடைப்பம் என்று கத்திக் கூப்பிட்டால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? அவள் சிரித்துக்கொண்டே இரும்புப் படியில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“உன்னையப் போயி வாரியல்னு கூப்பிடுதானுவ. நீயும் பல்லக் காட்டிக்கிட்டுப் போற.”

அவள் சேறு படிந்த காலைக் கழுவிக்கொண்டே விளக்கினாள். மலையில் சைக்கிள் ஓட்டும்போது ஒருவர் கடைசியாகத்தான் வர வேண்டுமாம். முன்னால் போகிறவர் விழுந்தாலும், செயின் அறுந்து நின்றாலும், பள்ளத்தைப் பார்த்துப் பயந்து நின்றாலும், அந்தக் கடைசி ஆள் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. தூக்கிவிட்டுக் கூடவே அழைத்து வர வேண்டும். ஒருவரையும் விடாமல் பெருக்கிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்த இடம் கிடைக்கும் என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் என் வாய் அடங்கிவிட்டது.

அவர்கள் மொத்தம் ஐந்து பேர். என் மகள், மாட்டுங்காவில் இருந்து வருகிற ஒரு தமிழ்ப் பையன், பாண்டுப்பில் இருந்து வருகிற ஒரு மலையாளப் பெண், அப்புறம் அண்ணன் தம்பியான இரண்டு மராத்திக்காரர்கள். பையன், பெண் என்று எழுதுகிறேனே தவிர இப்போது எல்லாருக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரின் பின்னால் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கர்ஜத் பக்கத்து மலைகளுக்குப் போய்விடுவார்கள். அந்த சைக்கிளின் டயர் என் மணிக்கட்டை விடத் தடிமன். எங்கள் அறையில் அதை வைக்க இடமில்லை. உத்தரத்தில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். நான் அதன் கீழேதான் பாய் போட்டுப் படுப்பேன்.

அந்தச் சந்தில் இதற்குப் பெரிய பேச்சு இருந்தது. மலையில் போய் என்ன செய்கிறாள், பால் கறக்கிறாளா என்று எதிர் வீட்டுக்காரி என்னிடமே கேட்டாள். கல்யாண வயசில் பிள்ளையை சைக்கிளில் ஏற்றிவிட்டுத் தாய்க்காரி நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். அது உண்மைதான். கார்கானாவில் தைத்து வருகிற சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. அவள் அப்பா போனதிலிருந்து அதைத்தான் செய்தேன். பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்கு வராது. குனிந்தபடி நூலை வெட்டிக்கொண்டிருப்பேன்.

பேச்சு பரவாயில்லை, சேறுதான் சண்டையில் கொண்டுவந்து விட்டது. பொதுக் குழாயில் சேற்று சைக்கிளைக் கழுவினால் குடிக்கிற தண்ணீர் போகிறது என்று கத்தினார்கள். நியாயம்தான். அதற்குப் பிறகு மலையடிவாரத்து ஓடையிலேயே சைக்கிளைக் கழுவிவிட்டு வரப் பழகிக்கொண்டாள். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள், இவள் ஓடையில் சைக்கிளைக் கழுவி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொள்வாள். இவளுக்கு வரவேண்டிய டீயை மூடி வைத்திருப்பார்கள்.

அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறச் சட்டை போடுவார்கள். வருஷா வருஷம் புதுசு தைத்ததும் பழையதைத் துவைத்து மடித்து, அந்த டீக்கடை இருக்கிற ஊரில் உள்ள வாலிபர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல மனசோடு செய்த காரியம். அதில் இரண்டு சட்டைகளுக்குப் பொத்தான் பிடித்துக் கொடுத்தவள் நான்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், கடைசி ஆளுக்கு முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டால் போதும், அவர் கிளம்பிவிடலாம். அந்த மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அப்படி நின்றவன் மாட்டுங்காக்காரன். நல்ல மழை, மலை முழுக்க மேகம் வெள்ளைப் புகையாக இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் புகைக்குள்ளிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்டு ஒரு ஆள் சைக்கிளில் வருவது தெரிந்தது. கையை ஆட்டினான். அங்கிருந்தும் ஒரு கை ஆடியது. இவன் இறங்கிப் போய்விட்டான். வந்தது அந்த ஊர்க்காரப் பையன்.

என் மகள் அதற்கும் மேலே ஒரு வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து கிடந்தாள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. விலாவிலும் அடி. கீழே டீக்கடையில் யாரும் தேடவில்லை. ஜாடு வந்தாயிற்று, ஓடையில் சைக்கிள் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் டீயும் குடித்து, அவளுக்கு மூடி வைத்த டீ ஆறிப் போன பிறகுதான் பாண்டுப்காரி எழுந்து ஓடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

இதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னது. மாட்டுங்காக்காரன் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் காட்டத் தெரியாது.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. தாராவியின் இரும்புப் படியில் அவளால் ஏற முடியாது என்று திலக் நகரில் கீழ்த்தள வீடாகப் பார்த்துக் குடிவந்தோம். சைக்கிளைக் கூட்டாளிகளே கொண்டுவந்து பால்கனியில் நிறுத்தி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். நடக்கலாம், ஓட்டலாம், ஒன்றும் தடையில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் நடந்தாள். ஆபீஸ் போனாள். உறையை அவிழ்க்கவில்லை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை.

அது எனக்குப் பெரிய கவலை இல்லை. சைக்கிள் ஓட்டாமல் கோடிப் பேர் இருக்கிறார்கள். கூட்டாளிகள் வந்தால் அவள் பேசுவதில்லை என்பதுதான் என்னை அரித்தது. வா என்பாள். தண்ணீர் கொடுப்பாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை. அப்புறம் ஆபீஸ் வேலை என்று லேப்டாப்பைத் திறந்துகொள்வாள். அவர்கள் என்னிடம் பேசிவிட்டுப் போவார்கள். என்னிடம் என்ன பேச முடியும்? சாப்பிட்டீர்களா, சுகர் எப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு வயசாகிவிட்டது. அவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஊரில் இருக்கிற சொந்தம் எல்லாம் விசேஷத்துக்கு வந்து போகிற சொந்தம். எனக்குப் பிறகு, காய்ச்சல் என்று இவள் படுத்தால் கதவைத் தட்ட இந்த நாலு பேர்தான். அவர்களையும் இவள் விட்டுவிட்டால் யார் இருக்கிறார்கள்? இந்த ஒரு கேள்விதான் எனக்கு. காலையில் பல் தேய்க்கும்போதும் அதுதான், ராத்திரி படுக்கும்போதும் அதுதான்.

ஆகவே, அந்தமானுக்கு எல்லாரும் போகலாம் என்று அவர்கள் வந்து கேட்டபோது, அம்மா வந்தால்தான் வருவேன் என்று மகள் தட்டிக் கழிக்கப் பார்த்தபோது, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்காரக் கூச்சப்படுகிறவள் நான். ஒரு வாரம் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து கடலில் குளித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

விமானத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து கப்பலில் ஒரு சின்னத் தீவு. மாஹிம் கடலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தண்ணீரின் நிறம் பொய் மாதிரி இருந்தது. மூங்கில் குடிசைகள், சுற்றிப் பாக்கு மரமும் தென்னையும். மத்தியானத்துக்கு மேல் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். அது விட்டுப்போன இடத்தில் செத்த பவளப்பாறை எலும்பு எலும்பாகக் கிடக்கும். எல்லாரும் அழகு அழகு என்று போட்டோ எடுத்தார்கள். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர்கள் நால்வரும் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார்கள். அவள் நடந்தால் கூடவே மெதுவாக நடந்தார்கள். உட்காரப் போனால் நாற்காலி வந்தது. ஜாடு என்று ஒருவரும் கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவர்கள் வாயில் பழகாததால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தயங்கி வந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தேங்க்யூ என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குச் சொன்ன அதே தேங்க்யூ.

தீவுக்குள் காட்டு வழியில் ஓட்ட வாடகை சைக்கிள் கிடைக்கும் என்று தெரிந்ததும் மராத்தி அண்ணன் தம்பிக்கு முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது. வேண்டாம், பீச்சிலேயே இருப்போம் என்றார்கள். என் மகள்தான் போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பினாள். மாட்டுங்காக்காரன் நான் போகவில்லை என்று நின்றான். அவனையும் அனுப்பினாள். அவர்கள் போன பிறகு நாங்கள் இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அன்று அவள் முகம் கொஞ்சம் லேசாக இருந்தது. சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் விட்டாள். சரியாகிவிடும் என்று அப்போது நம்பினேன்.

மழையோடு திரும்பி வந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு. சாப்பாட்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை அதில் அடித்து விழ, எல்லாரும் ஈரத்தோடு உட்கார்ந்து டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டோம். மராத்தி அண்ணன், தன் தம்பி உடும்பைப் பார்த்து முதலை என்று அலறி சைக்கிளோடு சகதியில் பாய்ந்த கதையை நடித்துக் காட்டினான். உடும்பு எப்படித் திரும்பிப் பார்த்தது என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினான். பாண்டுப்காரிக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. மாட்டுங்காக்காரனும் சிரித்தான். அவள் விழுந்ததற்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி மகளைப் பார்த்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் எங்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தது. கிளாஸைக் கீழே வைத்தாள், எழுந்தாள், மழையில் இறங்கிக் காலை இழுத்து இழுத்துக் குடிசையைப் பார்க்க நடந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மாட்டுங்காக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் பின்னால் போனேன். குடிசைத் தாழ்வாரத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. வந்த இடத்தில் இப்படியா என்று கேட்க வாயெடுத்தேன்.

“யம்மா, அன்னைக்கி அவிய டீக்கடையில இருந்தாவல்லா. எனக்குக் கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“எல்லாம். தகரத்துல மழை விழுத சத்தம். கிளாஸ் வைக்கிற சத்தம். அந்த மராத்தி அண்ணங்காரன் என்னமோ சொல்லுதான், எல்லாரும் சிரிக்காவ. பாதைதான் சுத்து, நான் அவியளுக்கு நேர் மேல கெடக்கேன். அவிய சத்தம் மேல வருது. எனக்குக் கூப்பிட மூச்சு இல்ல. ஒரு சிரிப்பு முடிஞ்சதும் இப்பம் தேடுவாவன்னு நெனப்பேன். அடுத்த சிரிப்பு வரும்.”

இவ்வளவு நாளும் அந்தப் பாதை பிரிகிற இடத்தில் நடந்த தப்புக்காகத்தான் அவள் முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

“ஏட்டி, அவிய மேல கோவமா?”

“கோவம் என்னத்துக்கு? அவியளுக்குத் தெரியாதுல்லா. தெரிஞ்சா ஓடி வந்திருப்பாவ. ஆனா இப்பமும் அவிய சிரிச்சா நான் அங்கனதான் கெடக்கேன்ம்மா. எந்திரிக்க முடியல.”

இதை அவர்களிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். சொன்னால் புரிந்துகொள்வார்களே, இன்னும் ஒட்டுதலாக இருப்பார்களே என்று எனக்கு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லிராத. சொன்னா அதுக்குப் பொறவு அவிய எங்கயும் சிரிக்க மாட்டாவ. என்னையக் கண்டா வாயப் பொத்திக்கிடுவாவ. என்னைய விட்டுட்டுப் போனாலும் போற எடத்துல சிரிக்க மாட்டாவ. கோவம்னே நெனச்சுட்டுப் போகட்டும். நீ சொல்லிராத.”

மழை விட்ட பிறகும் நாங்கள் அங்கேயே இருந்தோம். கொட்டகையில் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வது தெரிந்தது. வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வருகிற கப்பலில் மகள் உள்ளே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்குக் குமட்டியதால் வெளியே காற்றுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டுங்காக்காரன் வந்து பக்கத்தில் நின்றான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

“மாமி, அந்த ஊர்ப் பையன் போட்டுண்டிருந்த சட்டை என்னோடது. நான்தான் என் கையால குடுத்தேன். என் சட்டையப் பாத்துட்டுத்தான் நான் கிளம்பிப் போயிருக்கேன்.”

எனக்கு அது தெரியாது.

“நான் என்ன பண்ணினா அவ என்னோட பேசுவா? நீங்க சொல்லுங்கோ, பண்றேன்.”

என் வாயில் வந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீரோடு அதை விழுங்கினேன். சொன்னால் இவன் ஆயுசுக்கும் எங்கள் வீட்டு வாசலை விடமாட்டான், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நான் வேண்டிக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் சிரிக்கத் தெரியாத ஒரு ஆள் தலையைக் குனிந்துகொண்டு கடனே என்று வந்து அவள் முன்னால் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பாள்?

“அவளுக்கு உங்க மேல கோவம் இல்ல தம்பி” என்றேன்.

“இல்லேன்னா ஏன் மாமி?”

நான் கடலைப் பார்த்தேன். அவன் நம்பவில்லை. தன் மனசு நோகாமல் இருக்க நான் அப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கிவிட்டு உள்ளே போனான்.

பம்பாய் வந்த பிறகு கொஞ்ச காலம் அவர்கள் வந்தார்கள். அப்புறம் பாண்டுப்காரி மட்டும் வந்தாள், வரும்போது பலாப்பழமோ வாழைக்காய் வறுவலோ கொண்டுவந்தாள். அப்புறம் போன். அதுவும் மகளுக்கு இல்லை, எனக்கு. அவளுக்கு அடித்தால் எடுப்பதில்லை என்று எனக்கு அடித்து, ஆன்ட்டி, அவள் எப்படி இருக்கிறாள் என்று இந்தியில் கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்பேன். போனை அவளிடம் நீட்டட்டுமா என்று கேட்பேன். வேண்டாம், சும்மாதான் கேட்டேன் என்பாள். எனக்கும் அதற்கு மேல் பேசத் தெரியாது. என் வயசுக்காரி ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தால் நாலு வார்த்தை பேசிக் கூப்பிட்டு வைத்திருப்பாள். எனக்கு அந்த வாய் இல்லை.

இந்த வருஷம் மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் மகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழம்பு வைக்கட்டுமா, ரசம் வைக்கட்டுமா என்று கேட்க வந்தவள் நின்றுவிட்டேன். போனில் அவர்கள் நால்வரும் தெரிந்தார்கள். யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ. மலை, புகை, ஆரஞ்சுச் சட்டைகள், கையில் டீ கிளாஸ். மராத்தி அண்ணன் எதையோ நடித்துக் காட்டுகிறான். பாண்டுப்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். மாட்டுங்காக்காரன் தலையை அண்ணாந்து வாயைத் திறந்து சிரிக்கிறான்.

சத்தம் இல்லை. அவள் சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள்.

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். அவள் உதடும் கொஞ்சம் விரிந்திருந்தது. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் மூடவில்லை. போனை நானும் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். நாலு பேரின் வாயும் திறந்து திறந்து மூடியது. எங்கள் வீட்டில் குக்கர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு அவள் எழுந்து குளிக்கப் போனாள். நான் போய் அடுப்பை அணைத்தேன்.